பாட்டி தைச்ச சேலைப் போர்வை: கிழிசலை சரிபண்ணி பத்திரமா வச்சுக்க ஒரு வழிகாட்டி

பழைய காட்டன் சேலைகளை நாலஞ்சு அடுக்கா விரிச்சு, மேல கொஞ்சம் நல்லா இருக்கிற சேலையைப் போட்டு, கையாலயே நூல் ஓட்டி தைச்ச போர்வை நிறைய வீட்ல இன்னமும் பரண்லயோ டிரங்குப் பெட்டியிலயோ கிடக்கு. பச்சைக் குழந்தையைப் படுக்க வைக்க, மார்கழிக் குளிருக்குப் போத்திக்க, பாய் மேல விரிக்கன்னு எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப எடுத்துப் பார்த்தா ஓரம் நைஞ்சிருக்கும், நடுவுல கிழிஞ்சிருக்கும், ஒரு மக்கின வாடை வரும். உடனே நம்ம ஆளுங்க வாஷிங் மெஷின்ல போட்டுடுவாங்க, இல்லைன்னா தெருமுனை டெய்லர்ட்ட குடுத்து மேல ஒரு புதுத்துணி வச்சு அடிச்சுக் குடுங்கன்னு சொல்லிடுவாங்க. தயவுசெஞ்சு ரெண்டும் வேணாம். ஊசியில நூல் கோக்கத் தெரிஞ்சா போதும், மிச்சத்தை வீட்லயே பொறுமையா பண்ணிடலாம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை மனசுல போட்டுக்கோங்க, கீழ சொல்றது எல்லாமே இதுல இருந்துதான் வருது. நாம வைக்கிற ஒட்டும் சரி, போடுற நூலும் சரி, பழைய துணியை விட பலம் கம்மியாத்தான் இருக்கணும். கேக்க தலைகீழா இருக்கும். ஆனா கெட்டியான துணியை கெட்டியான நூலால வச்சு தைச்சா, அடுத்த தடவை இழுபடும்போது ஒட்டு அப்படியே நிக்கும், பக்கத்துல இருக்கிற பழைய துணிதான் கிழியும். நூல் மெல்லிசா இருந்தா நூல் அறுந்துட்டுப் போகும், திரும்ப தைச்சுக்கலாம். பாட்டியோட துணி ஒருதடவை போனா போனதுதான்.

சரி, முதல் வேலை பாக்கிறது. தண்ணி, சோப்பு எதையும் கிட்ட கொண்டு வராதீங்க. கட்டில்ல சுத்தமான வெள்ளை பெட்ஷீட் விரிச்சு, அது மேல போர்வையைப் பரப்பி, பகல் வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் பாருங்க. கையில மோதிரம், வளையல் இருந்தா கழட்டிடுங்க, பழைய வாயில் சேலையில ஒரு கொக்கி மாட்டினா சர்ருன்னு போயிடும். மொபைல்ல முழுசா ஒரு போட்டோ, அப்புறம் ஒவ்வொரு கிழிசலையும் பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு க்ளோஸப்ல ஒரு போட்டோ. ஒரு நோட்டுல போர்வையோட படத்தை சும்மா கட்டம் போட்டு வரைஞ்சு, எங்க ஓட்டை, எங்க கறை, எங்க தையல் விட்டிருக்குன்னு குறிச்சுக்கோங்க.

அதே நோட்டுல இன்னொண்ணும் எழுதணும், இதைத்தான் எல்லாரும் தள்ளிப் போடுறாங்க. வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா போர்வையை அவங்க முன்னாடி விரிச்சு, இது யாரு சேலை, இந்தக் கண்டாங்கி யாரு கட்டினது, இது எந்த குழந்தை பிறந்தப்ப தைச்சதுன்னு கேட்டு பேரு, ஊரு, வருஷத்தோட எழுதி வைங்க. சித்தி ஒண்ணு சொல்வாங்க, பெரியம்மா வேற சொல்வாங்க, பரவால்ல, ரெண்டையும் எழுதுங்க. துணியை எப்ப வேணா தைக்கலாம், இந்த விவரம் தெரிஞ்சவங்க இருக்கும்போதே கேட்டாத்தான் உண்டு.

பாக்கும்போது துணியோட ரகத்தையும் புரிஞ்சுக்கணும். பெரும்பாலும் காட்டன்தான் இருக்கும், ஆனா எழுபதுகளுக்கு அப்புறம் தைச்சதுல நடுநடுவுல நைலக்ஸ், பாலியஸ்டர் துண்டும் வரும். அந்த துண்டு புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், அதைத் தொட்டுக்கிட்டு இருக்கிற காட்டன் மட்டும் நைஞ்சு போயிருக்கும், அந்த எல்லையில எல்லாம் கொஞ்சம் உத்துப் பாருங்க. கறுப்பு, காப்பிக்கலர் அச்சு இருந்தா அங்கயும் பாருங்க. பழைய சாயத்துல கறுப்பு வர்றதுக்கு இரும்பு சேர்ப்பாங்க, அந்த இரும்பு வருஷக்கணக்கா இழையை அரிச்சுக்கிட்டே இருக்கும், அதனால பூவோட கறுப்பு அவுட்லைன் மட்டும் உதிர்ந்து, உள்ள இருக்கிற சிவப்பு நல்லாவே நிக்கிற மாதிரி போர்வைகள் உண்டு. பட்டுத் துண்டோ சரிகை பார்டரோ இருந்தா குறிச்சு வச்சுக்கோங்க, தண்ணி விஷயத்துல அது முக்கியம்.

அடுத்து தூசும் பூச்சியும். போர்வையை உதறாதீங்க, கம்பால தட்டவே தட்டாதீங்க, நைஞ்ச இடம் அங்கயே பிளந்துடும். வேக்கும் க்ளீனர் இருந்தா வாயில ஒரு மெல்லிய நெட் துணியைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு, ஸ்பீடை குறைச்சு, துணியில தேய்க்காம லேசா தூக்கிப் பிடிச்சபடி எடுங்க. இல்லைன்னா பெயிண்ட் கடையில கிடைக்கிற ரெண்டு இன்ச் மெத்து பிரஷ் போதும், தையல் போன திசையிலயே மெதுவா தள்ளுங்க. சேலைப் போர்வையை அதிகமா திங்கிறது ராமபாணப் பூச்சிதான், அந்த வெள்ளி கலர்ல சரசரன்னு ஓடுமே அது, அதுக்கு கஞ்சின்னா உயிரு. நம்ம பாட்டிங்க கஞ்சி போட்ட சேலையை அப்படியே தைச்சிருப்பாங்க, அதான் அது தேடி வருது. அந்துப்பூச்சியோட புழுவுக்கு பட்டும் கம்பளியும்தான் சாப்பாடு, சுத்தமான காட்டனை சும்மா விட்டுடும், எண்ணெயோ வேர்வையோ பட்டிருந்தா மட்டும் கடிக்கும்.

பூச்சி உயிரோட இருக்குன்னு சந்தேகம் வந்தா மருந்து அடிக்காதீங்க, ஃப்ரீசர் போதும். போர்வை நல்லா காஞ்சிருக்கணும், அதை ஒரு பாலித்தீன் கவர்ல போட்டு காத்தை வெளியேத்தி டேப் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி இருக்கிற ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் கவரைப் பிரிச்சுடாதீங்க, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு ரூம் சூட்டுக்கு வந்தப்புறம்தான் பிரிக்கணும், இல்லைன்னா குளிர்ந்த துணி மேல தண்ணி வேர்த்துடும். பூசணம் பூத்திருந்தா கதை வேற. மூக்குல மாஸ்க் போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வெளிய நிழல்ல காத்தாட விட்டு முழுசா காய வச்சு, அப்புறமா பிரஷ்ஷால தள்ளணும். ஈரமா இருக்கும்போது தொட்டா பூசணம் துணிக்குள்ளயே ஈஷிக்கும்.

இப்ப எல்லாரும் அவசரப்படுற இடம், துவைக்கிறது. என்னைக் கேட்டா பாதிக்கு மேல போர்வைங்களுக்கு துவைப்பே தேவையில்லை, தூசு எடுத்துட்டு மொட்டை மாடி நிழல்லயோ திண்ணையிலயோ ரெண்டு மூணு நாள் காத்தாட விட்டாலே வாடை போயிடும். பட்டு இருந்தா, சரிகை இருந்தா, தொட்டாலே உதிர்ற கறுப்பு அச்சு இருந்தா தண்ணியே வேணாம். மத்ததுக்கு சாயம் டெஸ்ட் பண்ணுங்க. ஒரு வெள்ளை காட்டன் துணியை நனைச்சுப் பிழிஞ்சு, ஒரு கலர் மேல வச்சு ஒரு நிமிஷம் லேசா அழுத்திப் பிடிச்சு எடுத்துப் பாருங்க. இதே மாதிரி ஒவ்வொரு சேலையிலயும் ஒவ்வொரு கலர்லயும் பண்ணணும், சோப்புத் தண்ணியிலயும் தனியா ஒருதடவை பண்ணணும். சுங்குடி, கண்டாங்கியில அரக்கு, சிவப்பு, கருநீலம் இதெல்லாம் கண்டிப்பா பாக்கணும், எத்தனை வருஷம் துவைச்சிருந்தாலும் சிலது இன்னும் சாயம் விடும். ஒரு கலர் விட்டாலும் மொத்த போர்வையும் தண்ணிக்குப் போகக்கூடாது. உப்பு போட்டா, வினிகர் போட்டா சாயம் நிக்கும்னு சொல்வாங்க, நம்பி இறங்காதீங்க, காட்டன்ல ஓடுற சாயத்தை அது ரெண்டும் நிறுத்தாது.

துவைக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, கிழிசல் எல்லாம் மேல ஒரு நெட் துணியை வச்சு பெரிய பெரிய தையலா தற்காலிகமா ஓட்டிடுங்க, தண்ணியில கிழிசல் பெருசாகாது. கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொல்லி வளர்த்தாங்க, இந்தக் கந்தையை மட்டும் கசக்கவே கூடாது. பக்கெட்ல அமுக்கி வச்சு பண்ற வேலையும் இல்ல இது, போர்வை விரிஞ்சபடி கிடக்கணும். மாடியில செங்கல்லை நீள்சதுரமா அடுக்கி மேல சுத்தமான தார்ப்பாயைப் போட்டா ஆழமில்லாத ஒரு தொட்டி ரெடி. போர்வைக்கு அடியில பழைய கொசுவலையை விரிச்சுடுங்க, தூக்கும்போது வலையைத்தான் நாலு பேரு நாலு மூலையில பிடிச்சுத் தூக்கணும், போர்வையைப் பிடிக்கக்கூடாது, ஏன்னா கனம் துணியில இல்ல, அது குடிச்ச தண்ணியில இருக்கு, அந்தக் கனம்தான் இழையை அறுக்கும்.

சாதாரண குளிர்ந்த தண்ணி, ஒரு பக்கெட்டுக்கு ஒரு டீஸ்பூன் அளவு மைல்டான லிக்விட் சோப்பு, வாசனையும் ப்ளீச்சும் இல்லாததா பாத்து வாங்குங்க. பூந்திக்கொட்டைத் தண்ணியும் நல்லது, ஆனா நல்லா வடிகட்டணும், லேசா பழுப்பு ஏறும், அதனால வெள்ளை அதிகமா இருக்கிற போர்வைக்கு வேணாம். கால் மணி நேரம் ஊறட்டும், உள்ளங்கையால மெதுவா அமுக்கி அமுக்கி விடுங்க, தேய்க்கிறது, அடிச்சுத் துவைக்கிறது, பிழியுறது எதுவும் கிடையாது. தண்ணி காப்பி கலர்ல வரும், பயப்படாதீங்க, அது வருஷக்கணக்கான அழுக்கும் மக்கின துணியில இருந்து வர்ற பழுப்பும். தண்ணியை வடிச்சு, திரும்ப நிரப்பி, நுரை சுத்தமா போற வரைக்கும் அலசுங்க, சோப்பு மிச்சம் இருந்தா துணி பின்னாடி மஞ்சளாகும். உங்க வீட்டு போர் தண்ணி உப்பா இருந்தா, இல்ல இரும்பு வாடை அடிச்சா, கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணி வாங்கிடுங்க. நீலம், கஞ்சி ரெண்டும் மறந்துடுங்க.

காய வைக்கிறதுல கொடி கிடையாது. பழைய டவல்களை மேலயும் கீழயும் வச்சு அமுக்கி தண்ணியை உறிஞ்ச வச்சுட்டு, கயித்துக் கட்டில்ல ஒரு வெள்ளை பெட்ஷீட் விரிச்சு அது மேல போர்வையைப் பரப்பி நிழல்ல போடுங்க, அடியிலயும் காத்து போகும், பக்கத்துல ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும். அஞ்சு அடுக்கு துணி, மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் நடு அடுக்கு ஈரமாத்தான் இருக்கும். அதனால இந்த வேலையை மாசியில இருந்து வைகாசிக்குள்ள ஒரு நாள் காலையில சீக்கிரம் ஆரம்பிங்க, ஐப்பசி கார்த்திகையில தொடவே தொடாதீங்க.

கறையைப் பத்தி ஒரு வார்த்தை. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்ச்சா டிரங்குப் பெட்டி துருக்கறை போகும்ங்கிறது உண்மைதான், ஆனா அந்த புளிப்பு காட்டன் இழையையும் சேர்த்து பலவீனமாக்கும், கறை இருந்த இடத்துல அப்புறம் ஓட்டைதான் இருக்கும். மஞ்சள் கறை வெயில்ல தானா வெளுக்கும், கூடவே சேலையோட கலரும் வெளுக்கும். என்னோட கருத்து, கறை இருந்துட்டுப் போகட்டும். குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சுப் படுக்க வச்ச போர்வையில எண்ணெய்க் கறை இல்லாம வேற எதுல இருக்கும்?

இப்ப தையல். வாங்க வேண்டியது கொஞ்சம்தான். ஆரி ஒர்க் சாமான் விக்கிற கடையில 10ம் நம்பர் ஊசின்னு கேளுங்க, மெல்லிசா இருக்கும், பழைய துணியில பெரிய ஓட்டை போடாது. காட்டன் நூல்தான் வேணும், பாலியஸ்டர் நூல் பழைய காட்டனை அறுத்துடும். வங்காளத்துல காந்தா போர்வை தைக்கிறவங்க பழைய சேலை பார்டர்ல இருந்தே கலர் நூலை உருவி எடுத்து தைப்பாங்க, அதே வழி நமக்கும் சரியா வரும், வீட்ல உதவாத ஒரு பழைய காட்டன் சேலை இருந்தா பார்டர்ல இருந்து இழை உருவிக்கலாம், பலமும் பொருத்தமா இருக்கும். ஒட்டுக்கும் பழைய சேலைதான் முதல் சாய்ஸ். இல்லைன்னா மேட்சிங் சென்டர்ல பியூர் காட்டன் லைனிங் கேட்டு, போர்வையோட போட்டோவைக் காட்டி ஒரு ஷேடு மங்கலா எடுங்க. காட்டன்தானான்னு ஓரத்துல ஒரு நூலை எரிச்சுப் பாருங்க, பேப்பர் எரியற வாடையோட சாம்பலானா காட்டன், உருகி கெட்டியா உருண்டையானா பாலியஸ்டர். புதுத்துணியை ரெண்டு தடவை சுடுதண்ணியில அலசி சாயமும் கஞ்சியும் போக்கிட்டு, சுருங்கி முடிச்சப்புறம்தான் வெட்டணும், இல்லைன்னா ஒட்டு பின்னாடி சுருங்கி பழைய துணியை இழுக்கும்.

ரொம்ப சுலபமான வேலையில ஆரம்பிங்க, அதாவது துணி நல்லா இருந்து தையல் மட்டும் விட்ட இடம். பக்கத்துல நல்லா இருக்கிற பாட்டியோட தையலை ஒரு இன்ச் அளந்து எத்தனை தையல் வருதுன்னு எண்ணுங்க. அஞ்சோ ஆறோ வரும், ஒவ்வொண்ணும் ஒரு அரிசி நீளம், மேல தெரியறது நீளமாவும் இடைவெளி கொஞ்சம் சின்னதாவும் இருக்கும், சிலர் கை அதுக்கு நேர்மாறா போகும். வரிசையும் நேரா இருக்காது, ஓரத்துல இருந்து கிளம்பி ஒரு கிழிசலை சுத்திக்கிட்டு வளைஞ்சு போகும், அது அவங்க அப்பவே பண்ணின ரிப்பேர். அந்த அளவுல, அந்த வளைவுலயே போங்க. விட்டுப்போன தையலோட ஊசி ஓட்டை துணியில இன்னும் தெரியும், முடிஞ்சவரைக்கும் அதுலயே ஊசியை விடுங்க. முடிச்சு போடாதீங்க, முடிச்சு நைஞ்ச துணியைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துடும், ஆரம்பத்துல ரெண்டு பின்தையல் போட்டா போதும். நூல் முழங்கை நீளத்துக்கு மேல வேணாம். ரொம்ப முக்கியம், நூலை இழுத்து இறுக்காதீங்க, துணி மேல நூல் சும்மா படுத்திருக்கணும், சுருக்கம் விழுந்தா இறுக்கிட்டீங்கன்னு அர்த்தம். பாட்டியோட பழைய நூல் பாதி அறுந்து தொங்கினாலும் வெட்டி எடுக்காதீங்க, உள்பக்கமா தள்ளிட்டு பக்கத்துல உங்க நூலை ஓட்டுங்க.

ஓட்டைக்கு ஒட்டு மேல வைக்கிறதை விட அடியில வைக்கிறது அழகு. மேல் அடுக்கு மட்டும் போயிருந்தா, ஓட்டையை விட சுத்தி ஒரு இன்ச் பெருசா ஒட்டுத்துணியை வெட்டி, பாவும் ஊடும், அதாவது நீள இழையும் குறுக்கு இழையும், பழைய துணியோட அதே திசையில வர்ற மாதிரி வச்சு, ஓட்டை வழியாவே உள்ள நுழைச்சு விரலால நீவி விடுங்க. ஓரத்தை மடிச்சு தைக்கவேண்டாம், மடிச்சா தடிக்கும். பிஞ்ச இழைகளை ஊசி முனையால ஒவ்வொண்ணா நேராக்கி ஒட்டு மேல படுக்க வச்சுட்டு, கிழிசலுக்கு குறுக்கா கால் இன்ச்சுக்கு ஒரு வரிசை நூல் ஓட்டுங்க, நல்ல துணிக்குள்ளயும் அரை இன்ச் போயி முடியணும். எல்லா வரிசையும் ஒரே கோட்டுல முடியக்கூடாது, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு மாத்தி மாத்தி முடிங்க, இல்லைன்னா அந்தக் கோட்டுலயே அடுத்த கிழிசல் வரும்.

தொட்டாலே பொடியா உதிர்ற பெரிய இடம் இருந்தா ஊசி போடுற அளவுக்குக்கூட அங்க துணி இருக்காது. அதுக்கு மேல மெல்லிசான சாஃப்ட் நெட், கலர் பொருந்துற மாதிரி வாங்கி மூடிட்டு, பக்கத்துல இருக்கிற பலமான துணியில ஓரத்தை மட்டும் தைச்சுடுங்க, உள்ள இருக்கிறது தெரியும், உதிராது.

ஓரமும் மூலையும்தான் முதல்ல போகும். நைஞ்சதுன்னு கத்திரி வச்சு நேராக்கிடாதீங்க. மூணு இன்ச் அகலத்துல பழைய சேலையோ மல்துணியோ பட்டையா எடுத்து, ஓரத்தை ரெண்டு பக்கமும் மூடி ஓட்டுத்தையல் போடுங்க, பழைய ஓரம் உள்ள பத்திரமா இருக்கும். கர்நாடகாவுல ஆப்பிரிக்க வம்சாவளியில வந்த சித்தி (Siddi)ங்கிற சமூகத்து ஜனங்க தைக்கிற கவந்தி போர்வையில ஒவ்வொரு மூலையிலயும் துணியை மடிச்சு ஃபூலான்னு ஒரு பூ வைப்பாங்க, அது இல்லைன்னா போர்வை முடிஞ்சதா ஒத்துக்க மாட்டாங்க. உங்க போர்வையோட மூலையிலயும் அந்த மாதிரி ஏதாவது மடிப்போ முக்கோணமோ இருந்தா அது யாரோ யோசிச்சு வச்சது, மூடி மறைச்சுடாம நெட் போட்டு காப்பாத்துங்க.

ஃபெவிகால், கம் கேன்வாஸ், அயர்ன் வச்சா ஒட்டிக்கிற பேட்ச் எதுவும் வேணாம், பசை நாளாக ஆக மஞ்சளாகி விறைச்சுக்கும், திரும்ப எடுக்கவும் முடியாது. மெஷின் தையலும் வேணாம்னு ஏன் சொல்றேன்னா, அது வரிசையா நெருக்கமா ஓட்டை போட்டு ரெண்டு நூலை இறுக்கிப் பூட்டும், மக்கின துணி அந்த வரிசையிலயே சுத்தமா பிரிஞ்சு வந்துடும். பட்டு நிறைய இருக்கிற போர்வை, ரொம்ப பழசு, இல்ல அங்கங்க தொட்டதெல்லாம் உதிருதுன்னா துணி பாதுகாப்பு படிச்ச கன்சர்வேட்டர்ட்ட காட்டிட்டு அப்புறம் கை வைங்க.

எடுத்து வைக்கிறதுக்கு வருவோம். பீரோவுல வைக்கலாம், ஆனா பாலித்தீன் கவர்ல சுத்தி வைக்காதீங்க, ஈரம் உள்ளயே நின்னு பூசணம் பிடிக்கும். கஞ்சி, நீலம் இல்லாம துவைச்ச பழைய வெள்ளை வேட்டியில சுத்துங்க. இடம் இருந்தா மடிக்கவே வேணாம், தடிமனான பிவிசி பைப்ல வெள்ளைத்துணி சுத்தி அது மேல போர்வையை சுருட்டிடுங்க. மடிச்சே ஆகணும்னா மடிப்புக்குள்ள ஒரு துணிச் சுருளை வச்சு மடிங்க, மூணு மாசத்துக்கு ஒருதடவை எடுத்து வேற இடத்துல மடிங்க, ஒரே மடிப்புல இருந்தா அந்தக் கோட்டுலயே பிளக்கும். மேல கனமா எதையும் அடுக்காதீங்க. மரப்பலகையும் இரும்புத் தகடும் நேரா துணியில படக்கூடாது, ஒண்ணு பழுப்பாக்கும் இன்னொண்ணு துரு ஏத்தும்.

பாச்சை உருண்டை வைக்கிற பழக்கத்தை விட்டுடுங்க, முக்கியமா குழந்தை மேல படப்போற துணின்னா. அதுல இருக்கிற நாப்தலீன், ஜி6பிடிங்கிற என்சைம் உடம்புல குறைவா இருக்கிற குழந்தைகளுக்கு ரத்த சிவப்பணுக்களையே உடைக்கும், நிறைய பேருக்கு அந்த குறைபாடு இருக்கிறதே தெரியாது. நல்லா காஞ்ச வேப்பிலை, நொச்சி, வசம்பு இதுல எது கிடைச்சாலும் சின்ன துணி முடிப்பா கட்டி பக்கத்துல போடுங்க, போர்வையை நேரா தொடவேண்டாம், வாசனை போனதும் மாத்துங்க. அதை மட்டும் நம்பி இருந்துடாம மழைக்கு முன்னாடி ஒருதடவை, தை பிறந்ததும் ஒருதடவை எடுத்து விரிச்சுப் பாருங்க, பூச்சியை துரத்துறதுல கண்ணுதான் பெரிய மருந்து.

சுவத்துல மாட்டி அழகு பாக்கணும்னு ஆசை இருந்தா ஆணி அடிக்காதீங்க, பின்பக்கம் மேல் ஓரம் முழுக்க ஒரு துணிக்குழாய் தைச்சு அதுல கம்பு விட்டு மாட்டுங்க, கனம் சமமா பரவும். ஜன்னலுக்கு எதிர்சுவர் வேணாம், போன கலர் திரும்ப வராது. மியூசியத்துல துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் எல்லைன்னு வச்சிருக்காங்க, நம்ம வீட்டு பகல் வெளிச்சம் அதை விட பலமடங்கு. நானா இருந்தா மாட்டவே மாட்டேன், அப்பப்ப எடுத்து மடியில போட்டுக்குவேன், புதுசா பிறந்த குழந்தையை ஒரு பத்து நிமிஷம் அதுல படுக்க வச்சு போட்டோ எடுப்பேன், தினசரி உபயோகத்துக்கு அதே மாதிரி தையல்ல புதுசா ஒண்ணு தைச்சுக்குவேன். உங்க கையில இப்ப அந்த தையல் பழகியிருக்குமே.

கடைசியா, அக்கா தங்கச்சி நாலு பேரு இருக்கிற வீட்ல இது யாருக்குன்னு ஒரு பேச்சு வரும், ஆளுக்கு ஒரு துண்டா வெட்டி ஃப்ரேம் போட்டுக்கலாம்னு யாராவது சொல்வாங்க. வெட்டாதீங்க. வெட்டின ஒவ்வொரு ஓரத்துலயும் தையல் பிரிஞ்சுக்கிட்டே போகும். வருஷத்துக்கு ஒரு வீடுன்னு வச்சுக்கோங்க. ஒரு சின்ன வெள்ளைத் துணியில தைச்சவங்க பேரு, ஊரு, எந்த வருஷம், ரிப்பேர் பண்ணினது யாரு எப்பங்கிறதை பென்சிலால எழுதி, அது மேலயே நூல் ஓட்டி, போர்வையோட பின்பக்கம் ஒரு மூலையில லேசா தைச்சுடுங்க, பேனா மை வேணாம், ஊறும். நோட்டும், மிச்சம் இருக்கிற ஒட்டுத்துணியும், நூல்கண்டும் ஒரு பையில போட்டு போர்வை எந்த வீட்டுக்குப் போகுதோ அங்க கூடவே அனுப்புங்க, அடுத்த கிழிசலை அவங்க தைக்கணும்ல.